பிடித்து விடுதலும் அறமும்

திருக்குறளின் துறவறவியலில் ‘இன்னா செய்யாமை’ 32ஆம் அதிகாரமாகவும் ‘கொல்லாமை’ 33ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நின்றாலும் தனித்தனியே வகுக்கப்பட்டிருப்பது, ஓர் உயிரைத் துன்புறுத்தாதிருப்பதும் அதைக் கொல்லாதிருப்பதும் வெவ்வேறு கடமைகள் என்பதைத் தமிழ் அறமரபு உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது. நடைமுறையில் கொலையும் துன்பமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் இவ்வேறுபாடு எளிதில் கண்ணில் படுவதில்லை. கொலையை விலக்கிவிட்டுத் துன்பத்தை மட்டும் எஞ்சவிடும் செயல் ஒன்று உண்டு. உணவுக்காக அன்றிப் பொழுதுபோக்குக்காக மீனைத் தூண்டிலில் பிடித்து, முள்ளைக் கழற்றி, உயிருடன் மீண்டும் நீரில் விடுவதே அது. பிடித்து விடுதல் எனப்படும் இவ்வழக்கம் மேலைநாட்டுத் தூண்டில்காரர் பலரால் கருணையின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. அது கருணைதானா என்பதே இங்கு எடைபோடப்படும் வினா.

திருவண்ணாமலை போன்ற ஒரு கோயில் நகரிலிருந்து நோக்கும்போது இவ்வினா தனிக் கூர்மை பெறுகிறது. அண்ணாமலையார் கோயிலினுள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும் உள்ளன. கோயில் குளத்து மீன் இறைவனின் அடைக்கலத்தில் இருப்பது என்னும் எண்ணத்தால் அத்தகைய நீரில் தூண்டில் போட எவரும் துணிவதில்லை. மலையடிவாரத்து ரமணாசிரமத்தில் பசு, மான், காகம், நாய் ஆகியவற்றுக்கும் சமாதிகள் எழுப்பப்பட்டுள்ளன. ஆனால் அதே நகரிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையில் மீன்பிடிப்பு ஒரு பிழைப்பு. அங்குச் செல்வோர் வறுத்த மீனைத் தேடி வாங்கி உண்கின்றனர். காத்தல், உண்ணுதல் என்னும் இவ்விரண்டு உறவுகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை எனினும், இரண்டிலும் மீன் எதற்காக இருக்கிறது என்பதில் குழப்பம் இல்லை. பிடித்து விடுவோன் மீனைக் காக்கவும் இல்லை, உண்ணவும் இல்லை. அவனுக்கு வேண்டியது மீன் அன்று, மீனின் போராட்டம்.

இவ்வழக்கத்தின் மிக நுட்பமான வடிவம் இறகுப்பூச்சித் தூண்டில் ஆகும். இதில் மண்புழுவோ மாவோ கோக்கப்படுவதில்லை. பறவை இறகு, விலங்கின் மயிர், நூல் ஆகியவற்றை முள்ளின்மீது சுற்றிப் போலிப் பூச்சி ஒன்று செய்யப்படுகிறது. அதற்கு எடை இல்லை என்றே சொல்லலாம் என்பதால், தூண்டில் கயிற்றின் எடையே அதை நீர்ப்பரப்புக்குக் கொண்டுசெல்லும்படி கோலை வீசக் கற்க வேண்டும். ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட பழுப்பு டிரவுட், 20 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய நீரில் தவிக்கும் குளிர்நீர் மீன். இளவேனிலில், ஆற்றடியில் நெடுநாள் புழுப்பருவத்தில் கிடந்த பூச்சிகள் சிறகு முளைத்து மேலெழும்போது அவற்றைக் கவ்வ இம்மீனும் மேலே வருகிறது. அன்று எழும் பூச்சி எது என்று அறிந்து அதைப் போன்றதையே வீசுபவனுக்கு மட்டுமே மீன் வசப்படும். இக்கலையில் தேர்ந்தவர்கள் ஓர் ஆற்றின் ஓட்டத்தையும் உயிர்களையும் அறிந்திருக்கும் அளவுக்கு, அதே ஆற்றைக் கைகூப்பி வணங்குவோர் அறிந்திருப்பது அரிது என்பதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் இக்கலை நீலகிரியில்தான் வேரூன்றியது. இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே 1860களில் டிரவுட்டை இங்குக் குடியேற்ற முயன்றும் பலிக்கவில்லை; எச்.சி. வில்சனின் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பின்னரே, வட அமெரிக்காவைச் சேர்ந்த வானவில் டிரவுட் இம்மலை ஓடைகளில் நிலைபெற்றது. பழுப்பு டிரவுட் காஷ்மீர் ஆறுகளில் வேரூன்றியது. இரண்டும் மக்களின் பசி தீர்ப்பதற்காக அன்றி, தம் நாட்டு விளையாட்டை இங்கும் விளையாட விரும்பிய ஆங்கிலேயரின் பொழுதுபோக்குக்காகவே முதன்மையாகக் கொண்டுவரப்பட்டவை என்பது அறவினாவுக்குப் புறம்பான செய்தி அன்று.

பிடித்து விடுவோர் முன்வைக்கும் முதல் வாதம், மீன் சாவதில்லை என்பது. அது பெருமளவு உண்மையே. போலிப் பூச்சி பெரும்பாலும் உதட்டிலேயே தைப்பதால், இரையோடு முள்ளை விழுங்கிய மீனைவிட இம்மீன் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறுகூரை நசுக்கிவிடுவதும், மீனின் மேற்படலம் உரியாதபடி கையை நனைத்துக்கொண்டு தொடுவதும், வெயிற்காலத்தில் நீர் சூடேறினால் தூண்டிலை மடக்கி வைப்பதும் நல்ல தூண்டில்காரரின் ஒழுக்கம். உயிருள்ள புழுவை முள்ளில் கோக்காததும் இவ்வழக்கத்துக்குரிய ஒரு மேன்மையே.

இரண்டாம் வாதம், மீனுக்கு நோவு தெரியாது என்பது. 2003இல் எடின்பரோவுக்கு அருகிலுள்ள ரோஸ்லின் ஆய்வகத்தைச் சேர்ந்த லின் ஸ்னெடனும் உடனாய்வாளரும், வானவில் டிரவுட்டின் உதட்டில் தேனீ நஞ்சையும் அமிலத்தையும் செலுத்தியபோது, அம்மீன்கள் உடலை ஆட்டின, நெடுநேரம் உண்ணாதிருந்தன. அமிலம் பெற்றவை உதட்டைச் சரளைக்கல்லில் தேய்க்கவும் செய்தன. மனித மூளையில் நோவை உணரும் மேற்புறணி மீனுக்கு இல்லை என்பதால் அது துன்பம் ஆகாது என்று ஜேம்ஸ் ரோஸ் அதற்கு முந்தைய ஆண்டே வாதிட்டிருந்தார். இவ்விவாதம் இன்னும் முடியவில்லை. எனினும் ஐயம் இருக்கும் இடத்தில் அதன் சுமையை எவர் தாங்க வேண்டும் என்பது அறிவியல் தீர்க்க வேண்டிய வினா அன்று. துன்பம் இருக்கக்கூடும் என்று அறிந்தும் மகிழ்ச்சிக்காக அதை விளைவிப்பவன், மீனால் பேச முடியாததைத் தனக்குச் சாதகமான சான்றாகக் கொள்ள முடியாது. விட்டுவிடும் நோக்கத்தோடு மீன்பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து சட்டத்தால் தடுத்திருப்பதன் அடிப்படையும் இதுவே.

குறளின் அந்த அதிகாரங்கள் துறவறவியலில் இருப்பதால் இல்லறத்தாரைக் கட்டுப்படுத்தா என்று சொல்வோரும் உண்டு. அவ்வாறே கொண்டாலும், சாத்தனூரில் வலை வீசுபவருக்குக் கிடைக்கும் விலக்கு பசியினாலும் குடும்பத்தினாலும் வருவது; வலையில் சிக்கிய மீன் தூண்டில் மீனைவிட நெடுநேரம் தவித்துச் சாகக்கூடும் என்றபோதும் அவ்விலக்கு செல்லும். விளையாட்டுக்கு அத்தகைய விலக்கு எங்கிருந்தும் வருவதில்லை. இன்னும் ஒரு படி மேலே சென்றால், பழுப்பு டிரவுட்டும் வானவில் டிரவுட்டும் உலகின் மிகக் கேடான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றவை; சிறிய உள்நாட்டு மீன்களை உண்ணக்கூடிய ஒரு மீனை நீலகிரி ஓடையில் பிடித்து மீண்டும் அதே ஓடையில் விடுவோனைவிட, அதைச் சமைத்து உண்பவன் அறத்துக்கு அருகில் நிற்கிறான் என்றே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஆற்றைக் காப்பதற்காகவே தூண்டில் என்னும் மூன்றாம் வாதம்தான் உண்மையில் வலுவானது. அதை டிரவுட்டைக் கொண்டு சோதிக்க முடியாது. காவிரிக்கே உரிய, 2018இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்ட திமில் மஹசீர் என்னும் மீனைக் கொண்டு சோதிக்கலாம். கர்நாடகத்தின் கலிபோரே உள்ளிட்ட காவிரிக்கரை முகாம்களில், பிடித்து விடுவோர் செலுத்திய பணம் உள்ளூர் மக்களுக்கு வேலை தந்தது; வெடிவைத்து மீன் பிடிப்போரைத் தடுக்கக் காவலும் இருந்தது. காட்டுயிர்ச் சட்டத்தின்படி காப்புப் பகுதிகளில் தூண்டிலும் வேட்டையே என்று பொருள் கொள்ளப்பட்டதால் 2010களின் தொடக்கத்தில் அம்முகாம்களில் தூண்டிலிடுதல் நிறுத்தப்பட்டது. ஓர் இனம் பிழைத்திருப்பதற்காகச் சில மீன்களின் வாய் புண்படுவதை ஏற்கலாம் என்று கூறுவோரை எளிதில் புறந்தள்ள இயலாது. ஆனால் அப்போதும் அது செலுத்தப்பட வேண்டிய ஒரு கடனே அன்றிக் கொண்டாடத்தக்க கருணை அன்று. சிருங்கேரியில் துங்கை ஆற்றின் படித்துறையில் மஹசீர்கள் எந்தத் தூண்டிலும் இன்றி, மக்களின் பக்தியால் காக்கப்பட்டு வருவதையும் இங்கே மறக்கலாகாது.

கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பிடிபட்ட மீன்களின் இனமும் எடையும் ஏடுகளில் எழுதி வைக்கப்பட்டன. திமில் மஹசீர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, அதன் இடத்தை நீலத்துடுப்பு மஹசீர் பிடித்துக்கொண்டதை ஆய்வாளர்கள் அவ்வேடுகளிலிருந்தே கண்டறிந்தனர். தூண்டிலுக்கு மீன் பெருக வேண்டும் என்று வெளியிலிருந்து கொணர்ந்து காவிரியில் விடப்பட்ட பொரிப்பகக் குஞ்சுகளே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் ஐயம். நோயை விளைவித்ததாக ஐயுறப்படும் அதே விளையாட்டுதான் நோயைக் கண்டுசொல்லும் பதிவையும் விட்டுச் சென்றது. முகாமில் தூண்டிலிடுதல் நிறுத்தப்பட்டபின் அந்தப் பதிவும் நின்றுபோயிற்று.