சாட்சியைச் சோதிப்பவர் யார்?

ஒரு கூற்றைச் சொல்பவரின் நலனை அறிந்துகொண்டால், அக்கூற்றின் மெய்யையும் அறிந்துகொண்டோம் என்று கருதலாமா? சமுதாயத்தை வர்க்க நோக்கிற் காணப் பழகிய நம்மிற் பலர் இதற்கு விரைந்து ‘ஆம்’ என்று விடையிறுத்துவிடுகிறோம். சொல்பவன் முதலாளி, ஆகவே சொல்வது பொய். இந்த அனுமானம் எளிது. பெரும்பாலும் நம்மை ஏமாற்றுவதுமில்லை. ஆயினும், பெரும்பாலும் பலிப்பதெல்லாம் நியாயமாகிவிடாது. அண்மைக்கால விஞ்ஞான வரலாற்றிலே நிகழ்ந்த ஒன்று இதனைத் தெளிவாக்கும்.

எமது சிறுநீரகங்கள் எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. அது என்பு மச்சையிலுள்ள இளங்கலங்களின் மேற்பரப்பிலிருக்கும் ஒரு புரதத்திலே சென்று பொருந்தும். வாங்கி எனப்படும் அப்புரதம், பிழைத்திரு, பெருகு என்னும் செய்தியைக் கலத்தினுள்ளே கடத்தும். அதன் பயனாகச் செங்குருதிக்கலங்கள் உண்டாகின்றன. இந்த ஓமோனை மருந்தாகச் செய்து விற்க ஐக்கிய அமெரிக்காவிலே 1989இல் அம்ஜென் நிறுவனம் அநுமதி பெற்றது. முதலிற் சிறுநீரக நோயாளருக்கும், பின்னர் 1993இல், இரசாயனச் சிகிச்சையாற் குருதிச்சோகையுற்ற புற்றுநோயாளருக்கும் அது அநுமதிக்கப்பட்டது.

2003இல் ஓர் அதிர்ச்சி நேர்ந்தது. தலை, கழுத்துப் புற்றுநோயாளர் 351 பேரிடத்து நடைபெற்ற ஆய்வொன்றில், இவ்வகை மருந்தைப் பெற்றோரின் நோய், பெறாதோரின் நோயைவிட விரைந்து முற்றியது. புற்றுக்கலங்களிலும் அதே வாங்கி உண்டு; மருந்து கட்டியையே வளர்க்கிறது என்று பலர் விளக்கினர். அவ்விளக்கத்துக்குச் சாட்சியாக நின்றது ஒரு பிறபொருளெதிரி.

வாங்கியின் சிறு துண்டொன்றை முயலின் உடலிலே செலுத்தினால், அத்துண்டைப் பற்றவல்ல பிறபொருளெதிரிகள் அதன் குருதியில் உண்டாகும். அவற்றைப் பிரித்துக் குப்பியிலடைத்து விற்பர். இழையத்தில் அவை ஒட்டிய இடம் நிறம்பெறும்படி செய்யலாம். நிறங்கண்ட இடத்தில் வாங்கி உண்டென்று ஆய்வாளர் எழுதுவர். நிறம் தோன்றியது, கட்டுரைகளும் தோன்றின. ஆனால், ஒட்டியது அந்த வாங்கியிலேதானா?

2006இல் இக்கேள்வியைத் தீரச் சோதித்தவர்கள் அம்ஜென் நிறுவனத்தின் ஆய்வாளர்களே. பலரும் பயன்படுத்திய பிறபொருளெதிரி சுட்டிய புரதத்தின் பருமன் ஏறத்தாழ 66 கிலோடால்ற்றன். உண்மையான வாங்கியோ 56 முதல் 59 வரையே. சுட்டப்பட்டவற்றுள், கலங்களில் மலிந்துகிடக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரத இனமொன்றும் இருந்தது. சாட்சி ஆள்மாறிக் கைகாட்டியிருந்தது!

இங்கேதான் அறச்சிக்கல் பிறக்கிறது. மருந்தை விற்பவரே மருந்துக்கெதிரான சான்றை உடைக்கிறார்; அவரது நலன் வெளிப்படை. எனினும், புரதத்தின் பருமன் எவருடைய இலாபத்தையும் கேட்டு மாறுவதன்று. அதே குப்பியை வாங்கி, அதே சோதனையை எவரும் செய்து பார்த்திருக்கலாம். செய்து பார்க்கத்தக்க ஒரு கூற்றை, சொன்னவரின் முகத்தைப் பார்த்துத் தள்ளிவிடுதல் நேர்மையன்று.

இதற்கு மறுபுறமும் உண்டு. சாட்சி பிழைத்தமையால் மருந்து குற்றமற்றதாகிவிடவில்லை. நோயாளருக்கு நேர்ந்த தீங்கு நிறத்தினாற் கண்டதன்று. மனிதரைத் தொடர்ந்து கவனித்துக் கண்டது. 2007இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் இவ்வகை மருந்துகளுக்குக் கடும் எச்சரிக்கையொன்றை விதித்தது. விளக்கம் தவறாகலாம், தீங்கு தீங்கே. ஒருவர் கூற்றின் மெய்யை ஒப்புக்கொள்வது, அவரை விடுதலை செய்வதாகாது.

அவ்வாறாயின், நலன் பற்றிய எமது கேள்வி வீணானதா? இல்லை, அதற்குரிய இடம் வேறு. ‘இது மெய்யா?’ என்ற கேள்விக்குச் சோதனையே விடை தரும். ‘குப்பியை விற்றவரும் வாங்கியவரும் தொடக்கத்திலேயே ஏன் தீரச் சோதிக்கவில்லை?’ என்ற கேள்விக்கு நலனே விடை தரும். அவ்வாங்கிக்குரிய பரம்பரையலகை நீக்கிய கலத்திலே பிறபொருளெதிரியை இட்டுப் பார்த்தால் போதும். அங்கும் நிறம் தோன்றினால் சாட்சி பொய். ஆனால், விற்பவருக்கு அது செலவு. ஆய்வாளருக்கு அது தாமதம். கட்டுரைகளை எண்ணிப் பதவி வழங்கும் உலகில் தாமதமென்பது நட்டம். அம்ஜெனுக்கோ அச்சோதனையினால் ஆதாயம் இருந்தது. நலன் உண்மையைப் படைப்பதில்லை. எந்த உண்மை தேடப்படும் என்பதையே அது தீர்மானிக்கிறது.

இது ஒரு குப்பியின் கதையன்று. 2015இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் நூற்றுக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் ஒப்பமிட்ட கட்டுரையொன்று, பிறபொருளெதிரிகளுக்கென உலகம் ஆண்டுதோறும் செலவிடும் 160 கோடி டொலரில் ஏறத்தாழ அரைவாசி தரமற்றவற்றுக்கே போகிறதென்ற மதிப்பீட்டை முன்வைத்தது. அப்பணத்திற் பொதுமக்களின் வரிப்பணமும் அடங்கும் என்பதை மறத்தலாகாது.

மாற்றுவழி இல்லாமலில்லை. கனடாவின் மொன்றியல் நகரை மையமாகக் கொண்ட ஆய்வுக்குழுவொன்று, 65 புரதங்களுக்குரிய 614 பிறபொருளெதிரிகளைப் பரம்பரையலகு நீக்கிய கலங்களின் துணையோடு சோதித்து, முடிவுகளை எவரும் காணுமாறு 2023இல் வெளியிட்டது. விற்பனை நிறுவனங்களும் இதில் ஒத்துழைத்தன. சோதனையிலே தவறிய சிலவற்றைச் சந்தையிலிருந்து நீக்கவும் செய்தன. சோதனை பொதுவுடைமையானபோது விற்பவரும் உண்மைக்குப் பணியவேண்டியதாயிற்று.

எவர் வாய்க் கேட்பினும் மெய்யை ஆராயவேண்டுமென்று குறள் வழியே நம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். இன்று அவ்வாராய்ச்சிக்கு அறிவு மட்டும் போதாது; ஆய்வுகூடமும் பணமும் ஓய்வும் வேண்டும். அவை இலாபம் தேடுவோரிடம் மட்டுமே குவிந்திருக்கும்வரை, அவர்களுக்கு வேண்டிய உண்மைகளே முதலில் வெளிவரும். அவ்வுண்மைகளைப் பொய்யென்று மறுப்பது நம் கடனன்று; அவர்களுக்கு வேண்டாத உண்மைகளையும் தேடத்தக்க கருவிகளைச் சமுதாயத்தின் கையிற் சேர்ப்பதே நம் கடன்.