எட்டுப் பேருக்குக் காற்று

1991 செப்டம்பர் 26. அமெரிக்காவின் அரிசோனாவில், ஆரக்கிள் என்ற ஊருக்குப் பக்கத்தில், எட்டுப் பேர் பெரியதொரு கண்ணாடிக் கூடத்துக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். கூடத்தின் பெயர் பயோஸ்பியர் 2. (முதலாவது பயோஸ்பியர், நம் பூமிதான்.) மூன்று ஏக்கருக்குச் சற்றே அதிகமான இடத்தில் குட்டிக் கடல், மழைக்காடு, வயல், ஆடு, கோழி எல்லாம் உண்டு. வெளிக்காற்று படாமல் இரண்டு ஆண்டு வாழ்ந்து காட்ட வேண்டும். வேறு கிரகத்தில் குடியேறுவதற்கு அது ஒத்திகையும்கூட.

பதினாறு மாதத்தில் உள்ளிருந்த ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 14-க்கு இறங்கிவிட்டது. பேசினாலே மூச்சு வாங்கியது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றினார்கள். உள்ளே இருந்தது எங்கே போயிற்று? பயிர் செழிக்கட்டும் என்று கொட்டிய வளமான மண்ணில் நுண்ணுயிர்கள் பெருகி ஆக்சிஜனைக் குடித்துக் கரியமில வாயுவை விட்டன. செடிகளுக்குப் போய்ச் சேர வேண்டிய அந்த வாயுவில் பெரும்பங்கைக் கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சிக்கொண்டன. சுவர் மூச்சு விடும் என்று யார் கணக்குப் போட்டார்கள்? மகரந்தம் சேர்க்க விட்ட பூச்சிகளும் பெரும்பாலும் மடிந்தன. பெருகியது என்னவோ, யாரும் கூப்பிடாத எறும்பு.

பூமியிலேயே இந்தப் பாடு. குடியேறச் சொல்லும் செவ்வாயிலோ காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மண்ணில் பெர்குளோரேட் நஞ்சு. நாசா அங்கே அனுப்பிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் போன மாக்சி என்ற கருவி, 2021 முதல் 2023 வரை அங்கே ஆக்சிஜன் தயாரித்தது. பெரிய சாதனைதான். மொத்தம் கிடைத்தது 122 கிராம். ஓர் ஆளுக்கு நாலு மணி நேரத்துக்குக்கூடக் காணாது.

விண்கல் விழுந்தால் மனித இனம் பூண்டற்றுப் போகும், அதனால் வேறு கிரகத்துக்குப் போய்விட வேண்டும் என்கிறார்கள். 6.6 கோடி ஆண்டுக்கு முன் டைனோசர்களை முடித்த கல் மெக்சிகோ கரையில் விழுந்த பிறகும் பூமியில் மூச்சுவிடக் காற்று இருந்தது, கடலில் தண்ணீர் இருந்தது. எலி அளவேயான பாலூட்டிகள் சில பிழைத்துக் கிடந்தன. அன்றைய பூமியையும் இன்றைய செவ்வாயையும் காட்டி எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், நான் யோசிக்காமல் அன்றைய பூமியைத்தான் சொல்வேன். கல்லைத் திருப்பவும் வழி பிறந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்பாஸ் என்ற சிறுகோளில் மோதி, அது தன் பெரிய கூட்டாளியைச் சுற்றிவரும் நேரத்தை அரை மணிக்கும் மேல் குறைத்தது.

செவ்வாய்க்குப் போகட்டும். ஆராய்ச்சிக்காகப் போகலாம், ஆசைக்காகவும் போகலாம். சூரியனின் வெம்மை ஏறிப் பூமியின் கடல்கள் வற்ற இன்னும் சுமார் நூறு கோடி ஆண்டு இருக்கிறது. உடனே ஓடியாக வேண்டும் என்னும்போதுதான் எனக்கு இடிக்கிறது.