சமாதானம் செய்து வைப்போரின் கடமை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இருவர் சண்டையிட்டால் விலக்கி விடுவது நன்மை என்பதை நம் வீட்டுச் சிறுபிள்ளையும் அறியும். நோன்பு, தொழுகை, தர்மம் இவற்றைவிட உயர்ந்த படித்தரமுள்ள அமல் ஒன்று உண்டென நாயகம் (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களுக்குச் சொல்லி, பிணங்கியவர்களை இணக்கி வைப்பதே அது என்று விளக்கிய ஹதீது அபூதாவூது, திர்மிதி ஆகிய கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. நபிலான வணக்கங்களையே இது குறிக்கும் என்பது உலமாக்களின் விளக்கம்.

நன்மை எது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதை எப்படிச் செய்வது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஊர்ப் பஞ்சாயத்தும் தடுக்கி விழுகிறது. உலகப் பஞ்சாயத்தும் தடுக்கி விழுகிறது. 1948 முதல் ஐக்கிய நாடுகள் சபை, சண்டை நடந்த நாடுகளுக்கு நீலத் தொப்பி அணிந்த அமைதிப் படைகளை அனுப்பி வருகிறது. அந்தப் பணியில் 4,000க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்திருக்கிறார்கள். அவர்கள் வென்ற இடத்திலும் தோற்ற இடத்திலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

திருமறை காட்டும் மூன்று படிகள்

சூரத்துல் ஹுஜுராத்தின் 9வது ஆயத்தை நிதானமாகச் சிந்திப்போம். முஃமின்களில் இரு கூட்டத்தார் போரிட்டுக்கொண்டால் அவர்களிடையே இணக்கம் உண்டாக்கும்படி அல்லாஹுத்தஆலா ஏவுகிறான். இது முதற்படி. பிறகும் ஒரு சாரார் அத்து மீறினால், அவர்கள் அல்லாஹ்வின் கட்டளைக்குத் திரும்பும்வரை அவர்களை எதிர்த்துப் போரிட ஏவுகிறான். இது இரண்டாம் படி. திரும்பிவிட்டால் மறுபடியும் இணக்கி வைக்க ஏவுகிறான். இது மூன்றாம் படி.

'அஸ்லிஹூ', அதாவது இணக்கி வையுங்கள் என்ற சொல் இந்த ஒரே ஆயத்தில் இருமுறை வருகிறது. முதல் முறை தனித்து வருகிறது. இரண்டாம் முறை 'பில் அத்லி', நீதியைக் கொண்டு, என்ற சொல்லோடு சேர்ந்து வருகிறது. ஏன் இந்த வேறுபாடு? தப்ஸீருடைய இமாம்கள் அழகான காரணம் சொல்வர். கைகலப்பு நடந்தபின் நடுவராக வருபவரின் நெஞ்சிலும் கோபம் ஏறியிருக்கும். தன்னோடு மோதியவன் மீது பழி தீர்க்க மனம் சாயும். அந்த இடத்தில்தான் நீதி என்னும் கடிவாளம் தேவைப்படுகிறது.

ஆயத்து பேசுவது முஃமின்களைப் பற்றி. ஆயினும் அது காட்டும் ஒழுங்கு மனித குலம் முழுமைக்கும் வழிகாட்டி. இதற்கு ஒரு நாட்டின் கதையைக் கேளுங்கள்.

சியரா லியோன் தரும் படிப்பினை

மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் என்றொரு சிறிய நாடு. மக்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். கிறிஸ்தவர்களும் கணிசமாக உண்டு; ஒரே குடும்பத்தில் இரு மதத்தாரும் இருப்பது அங்கே சகஜம். 1991இல் மூண்ட உள்நாட்டுப் போருக்கு மதம் காரணமாக இருக்கவில்லை. சீர்கெட்ட ஆட்சி, பிழைப்பற்ற இளைஞர் கூட்டம், மண்ணில் கிடந்த வைரம், அண்டை நாடான லைபீரியாவிலிருந்து கிடைத்த ஆதரவு ஆகியவை சேர்ந்து மூட்டிய தீ அது. ஃபோதே சன்கோ என்பவன் தலைமையில் புரட்சிகர ஐக்கிய முன்னணி என்ற கலகக் கூட்டம் கிராமங்களைக் கொளுத்தியது. ஒரு பாவமும் அறியாத மக்களின் கைகளை வெட்டியது. பள்ளிக்குப் போக வேண்டிய பாலகர்களைப் பிடித்துச் சென்று துப்பாக்கி ஏந்த வைத்தது. சுமார் 50,000 பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள்.

1999 ஜூலையில் லோமே நகரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி சன்கோவுக்கு மன்னிப்புக் கிடைத்தது. துணை ஜனாதிபதிக்குச் சமமான அந்தஸ்து கிடைத்தது. வைரம் முதலான கனிவளங்களைக் கவனிக்கும் குழுவின் தலைமையும் கிடைத்தது. கையிழந்த ஏழைக்கு என்ன கிடைத்தது? ஆட்டைக் கடித்த ஓநாயையே பட்டிக்குக் காவல் வைத்த கதையாயிற்று.

அதே ஆண்டு அக்டோபரில் 6,000 பேர் கொண்ட அமைதிப் படைக்கு ஐ.நா. அனுமதி கொடுத்தது. 2000 மே மாதத்தில் கலகக்காரர்கள் ஒப்பந்தத்தைக் காலில் போட்டு மிதித்து, அந்தப் படையினரிலேயே சுமார் 500 பேரைப் பிணையாகப் பிடித்தார்கள். கைலாஹுன் என்ற ஊரில் நம் இந்திய நாட்டு வீரர்கள் இரண்டு மாதங்களுக்கு மேல் முற்றுகையில் சிக்கிக் கிடந்தார்கள்.

அப்போதுதான் இரண்டாம் படிக்கு வேளை வந்தது. பிரிட்டிஷ் படை வந்திறங்கியது. சன்கோ பிடிபட்டான். ஜூலையில் கைலாஹுன் முற்றுகையை அமைதிப் படையினரே போரிட்டு உடைத்து, சிக்கியிருந்த 200க்கும் மேற்பட்டோரை மீட்டார்கள். 2001இல் படையின் அளவு 17,500 வரை உயர்த்தப்பட்டது. வைரம் விளையும் கோனோ பகுதிக்குப் பாகிஸ்தான் வீரர்கள் சென்றார்கள். வேறு பகுதிகளில் வங்காள தேசத்தவர் காவல் நின்றார்கள். இனி அத்து மீற வழியில்லை எனக் கண்டபின் கலகக்காரர்கள் இறங்கி வந்தார்கள். 75,000க்கும் மேற்பட்டோர் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 7,000 பேர் சிறுவர்கள்! 2002 ஜனவரியில் ஆயுதங்களைக் குவித்துக் கொளுத்தி, போர் முடிந்தது என்று அறிவித்தார்கள். மே மாதம் தேர்தல் நடந்தது. 2005 டிசம்பரில் அமைதிப் படை விடைபெற்றது.

மூன்றாம் படி, நீதி. இதற்கென அமைந்த தனி நீதிமன்றம் கலகக்காரர்களை மட்டும் கூண்டில் ஏற்றியிருந்தால் வென்றவர்களின் பழிவாங்கலாக முடிந்திருக்கும். அரசாங்கத்தின் பக்கம் நின்று போரிட்ட படையினரின் தலைவர், பதவியிலிருந்த அமைச்சர், அவர் மீதும் 2003இல் குற்றம் சாட்டப்பட்டது! சன்கோ விசாரணை முடியுமுன் அவ்வாண்டே இறந்தான். கலகத்துக்குத் துணை நின்ற லைபீரியாவின் முன்னாள் ஜனாதிபதி சார்லஸ் டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் கையிழந்தோருக்கு வந்து சேர்ந்த நிவாரணம் தாமதமானது, சிறியது. அந்த அளவில் நீதி இன்னும் கடன்பட்டு நிற்கிறது.

கைகட்டி நின்றதன் விளைவு

இரண்டாம் படியில் ஏற மறுத்தால் என்னவாகும்? போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகா நகரைப் பாருங்கள். 1993 ஏப்ரலில் அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று ஐ.நா. அறிவித்தது. அதை நம்பி ஆயிரமாயிரம் முஸ்லிம்கள் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். 1995 ஜூலையில் செர்பியப் படை நுழைந்தபோது காவலுக்கு இருந்தவர்கள் டச்சு நாட்டுச் சிப்பாய்கள் சில நூறு பேர். ஆயுதமும் போதவில்லை, கேட்ட விமான உதவியும் வேளைக்கு வரவில்லை, மேலே இருந்தவர்களுக்குத் துணிவும் இல்லை. சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொன்று புதைக்கப்பட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்!

1999இல் ஐ.நா. தன் தவறை ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு அல்ஜீரியரான லக்தர் பிராஹிமி தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து சொன்னதன் சாரம் இது: அத்து மீறுபவனையும் அடிபடுபவனையும் ஒரே தட்டில் வைப்பது நடுநிலை ஆகாது, சில வேளை அது அக்கிரமத்துக்கு உடந்தையாகவும் ஆகிவிடும். அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னபோது ஸஹாபாக்கள் திகைத்தார்கள். அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் கிடைத்தது. உலகம் இரத்தம் சிந்திக் கற்ற பாடம் நம் ஹதீதில் முன்பே இருக்கிறது.

பிற மதத்தாருடன் சேரலாமா?

இத்தகைய பணியில் பிற மதத்தாரோடு முஸ்லிம்கள் சேர்ந்து நிற்பது தகுமா எனச் சிலர் கேட்கலாம். நபித்துவத்திற்கு முன் மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் ஹில்புல் புளூல் என்ற உடன்படிக்கை நடந்தது. அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவருக்குத் துணை நிற்போம் என்பதே அதன் ஷரத்து. அதில் கலந்துகொண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அப்படி ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் இணங்குவேன் என்று சொன்னார்கள். இதைவிட வேறு ஆதாரம் வேண்டுமா?

காவல் ஓர் அமானிதம்

ஆனால் காவலுக்கு வந்தவனே பயிரை மேய்ந்தால்? மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் அமைதி காக்கச் சென்ற அந்நியச் சிப்பாய்களில் சிலர், பசித்த பிள்ளைகளிடம் உணவைக் காட்டி ஈனச் செயல் புரிந்ததாகப் புகார் எழுந்தது. அதை விசாரிப்பதில் ஐ.நா. அதிகாரிகள் கடமை தவறினர் என்று 2015இல் ஒரு சுயேச்சைக் குழு கண்டித்தது. அத்தகைய குற்றத்துக்குத் தக்க சான்று உள்ள படைப்பிரிவைத் திருப்பி அனுப்ப 2016இல் பாதுகாப்புச் சபை தீர்மானித்தது. சமாதானம் செய்ய வருபவரின் கை சுத்தமாக இருக்க வேண்டும். அவர் சுமப்பது அமானிதம். மறுமையில் அதற்குக் கேள்வி உண்டு.

நம் மஹல்லாவில்

அன்பர்களே! இது தூர தேசத்துச் செய்தி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வாப்பா விட்டுச் சென்ற வீட்டில் தங்கையின் பங்கை அண்ணன் அமுக்கிக்கொள்கிறான். அவள் முறையிட்டால், "இரண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்று பெரியவர்கள் சொல்லி எழுந்துவிடுகிறார்கள். எதை விட்டுக்கொடுப்பாள் அவள்? அவளிடம் இருப்பது அந்தப் பங்கு ஒன்றுதானே! கணவனிடம் அடிபட்டு வந்த பெண்ணிடம் "பொறுத்துப் போம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் ஸுலஹு ஆகுமா? அது ஓநாயைக் காவல் வைத்த லோமே ஒப்பந்தமே.

முதலில் இனிமையாகப் பேசுங்கள். அத்து மீறியவர் யார் என்று தெரிந்தால், அவர் பணக்காரராயினும் உறவினராயினும் ஜமாஅத் ஒன்றுகூடி அவர் கையைத் தடுக்கட்டும். அவர் திருந்தி வந்தால் பழையதைச் சொல்லிக் குத்தாமல், அவருக்கும் உரியதைக் குறைக்காமல் கொடுங்கள். நடுவராக அமர்ந்தவர் இரு வீட்டாரிடமும் ஒரு டம்ளர் தேநீருக்குக்கூட கடமைப்படாமல் எழுந்து வரட்டும்.

யா அல்லாஹ்! போரில் உருக்குலைந்த நாடுகளில் மக்களுக்கு அமைதியும் நீதியும் தந்தருள்வாயாக! காவல் நிற்போரின் உள்ளத்தில் உன் அச்சத்தைப் போடுவாயாக! எங்கள் இல்லங்களிலும் மஹல்லாக்களிலும் நீதியோடு இணக்கி வைக்கும் துணிவை எங்களுக்கு நசீபாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.