பாவனையும் வாய்மையும்

நோயுற்றவனுக்கு மருந்தளிப்பது தொழில். அவனோடு பேசுவது அறம். தொழிலைக் கற்பிக்கக் கல்லூரிகள் இருக்கின்றன. அறத்தையும் அவ்வாறு கற்பித்தல் கூடுமோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இக்காலத்தில் வைத்தியர்க்கும் செவிலியர்க்கும் நோயாளியிடம் பேசும் முறையைப் பயிற்றுவிக்கும்போது, அதனைச் சொற்பொழிவாக மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. மாணவரில் ஒருவர் நோயாளியாகக் கட்டிலிற் கிடப்பார். ஒருவர் வைத்தியராக வருவார். ஏனையோர் உற்று நோக்குவர். முடிந்தபின் யாவரும் அமர்ந்து, எந்தச் சொல் ஆறுதலாயிற்று, எந்தச் சொல் சுட்டது என்று ஆராய்வர். பின்னர் மீண்டும் ஒருமுறை செய்து பார்ப்பர். அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்னும் நரம்பியல் வைத்தியர் 1963இல், நோயாளியைப் போல நடிக்கப் பயின்ற ஒருவரைக் கொண்டு மாணவர்க்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டில் வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டம், மனப்பான்மை, நெறி, உரையாடல் ஆகிய மூன்றையும் மாணவர் யாவர்க்கும் கட்டாயப் பாடமாக்கிற்று.

இதனைக் கேள்வியுறும் அன்பர்கட்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பே. நடித்துப் பழகிய கனிவு பொய்க்கனிவு அன்றோ? உள்ளத்தில் இரக்கமின்றி முகத்தில் இரக்கத்தை வரவழைப்பவன் நோயாளியை ஏமாற்றுகிறவன் ஆகானோ? பொய்யாமையை நான்காம் சீலமாக மேற்கொண்ட நாம் இதனை ஒப்பலாகுமா?

இவ்வையத்தைத் தீர்க்கும் திறவுகோல் நம் மொழியிலேயே கிடக்கிறது. 'பாவனை' என்று நாம் வழங்கும் சொல் இன்று பாசாங்கு என்னும் பொருளில் நிற்கின்றது. ஆனால் பௌத்தம் வழங்கிய பாலி மொழியில் அச்சொல்லின் பொருள் வேறு. இல்லாத ஒன்றை உண்டாக்குதல், இருப்பதை வளர்த்தல் என்பதே அதன் பொருள். மைத்திரி பாவனை செய்கின்றவன் அன்புடையவன் போல் வேடம் பூண்கின்றவன் அல்லன்; அன்பை உழுது, விதைத்து, நீர் பாய்ச்சுகின்றவன். தொடக்க நாளில் 'எல்லா உயிரும் நலமுறுக' என்று அவன் நாச் சொல்லும். உள்ளம் பின்தங்கி நிற்கும். அதனால் அவனைப் பொய்யன் என்போமா? நடைபயிலும் குழந்தை தடுமாறுவதைப் பார்த்து, நடப்பதாக நடிக்கின்றது என்று எவரும் சொல்லார். பொய் என்பது பிறரை ஏமாற்றும் எண்ணத்தோடு சொல்லப்படுவது. பயிற்சிக் கூடத்தில் ஏமாறுவார் எவருமிலர். ஆகவே அங்கே பொய்யும் இல்லை.

பகவான் புத்தர் போதித்த வகையைப் பார்த்தாலும் இவ்வுண்மை விளங்கும். மகனை இழந்து, அவ்வுடலைச் சுமந்து மருந்து தேடிய கிசாகோதமிக்கு அவர் நிலையாமையைப் பற்றி விரிவுரை செய்யவில்லை. சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வருமாறு அனுப்பினார். வீடு வீடாக நடந்த கால்களே அவளுக்கு ஆசிரியர் ஆயின. சிறுவனான இராகுலனுக்கு வாய்மையைப் போதித்தபோதும், பாத்திரத்தில் சிறிது நீரை எஞ்சவிட்டுக் காட்டினார். அதனைக் கொட்டிக் காட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். கண்ணாடி எதற்கு என்று வினவி, செயலையும் சொல்லையும் எண்ணத்தையும் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் நோக்குக என்று அருளினார். டேவிட் கோல்ப் என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1984இல், பட்டறிதல், எண்ணிப் பார்த்தல், கருத்தாக்குதல், மீண்டும் செய்து பார்த்தல் என நான்கு படிகளாக விளக்கிய கல்விமுறைக்கும் இதற்கும் உறவு வெகு நெருக்கம்.

வயிற்றுக் கடுப்பினால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைத் ததாகதரும் ஆனந்தரும் தம் கையால் கழுவிக் கட்டிலிற் கிடத்திய வரலாறு விநய பிடகத்தில் உள்ளது. அவ்விடத்திலேயே நோயாளியைப் பேணத் தகுந்தவனுக்குரிய ஐந்து குணங்கள் கூறப்படுகின்றன. மருந்து சமைக்க அறிதல், ஒப்பதும் ஒவ்வாததும் தெரிதல், ஆதாயம் கருதாது அன்பினால் பேணுதல், மலம் சளி வாந்தி முதலியவற்றை அருவருக்காமை என்பன நான்கு. உரிய வேளையில் அறவுரையால் நோயாளிக்கு ஊக்கமும் மகிழ்வும் ஊட்ட வல்லவனாதல் ஐந்தாவது. இனிய பேச்சு மருத்துவத்திற்கு ஓர் அணிகலன் அன்று. மருந்தறிவோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்ட தகுதி என்பதைக் கவனிக்க வேண்டும். பேணுதற்கு அரிய நோயாளியின் இயல்புகளுள் ஒன்றாக, தன் நோயை உள்ளவாறு எடுத்துரையாமையும் அங்குச் சொல்லப்படுகிறது. ஆனால் நோயாளி வாய் திறவாமைக்குக் காரணம் பலவேளைகளில் கேட்பவரிடமே இருக்கின்றது.

வடகரப்பதியை எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் இவ்வூராட்சியில் தமிழ் பேசும் குடும்பங்கள் மிகப் பல. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தேயிலைத் தோட்டத் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். இவர்களைப் பார்க்கும் செவிலியர் பெரும்பாலும் மலையாளம் பேசுவோர். இரண்டும் ஒருதாய் மக்கள். ஆயினும் உடன்பிறந்தாரிடையே நேரும் பிணக்கே நுட்பமானது. மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். அச்சொல்லைக் கேட்கும் தமிழ் மூதாட்டிக்கு மார்கழி விடியல் நினைவுக்கு வரும். 'மயக்கமாக இருக்கிறது' என்று அவள் சொல்வது தலை சுற்றுவதை; அது மலையாளச் செவியில் உறக்கச் சடைவாக விழும். 'வேதனை' என்பது மலையாளத்தில் உடல்வலியையும் குறிக்கும். தமிழில் பெரிதும் உள்ளத்தின் துயரையே குறிக்கும். பாலியிலோ இன்பம், துன்பம், இரண்டுமன்மை ஆகிய மூவகை நுகர்ச்சிக்கும் அதுவே பெயர்.

எல்லையில் வாழ்வோர் இருமொழியும் அறிந்தவரே என்பது உண்மை. சந்தையில் விலை பேசவும் பேருந்தில் வழி கேட்கவும் அவ்வறிவு போதும். உயிர் நோகும்போதோ தாய்மொழியே வாயில் வருகின்றது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுதவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் இடம் தந்துள்ளது. விண்ணப்பத்திற்குக் கிடைத்த அவ்வுரிமை முனகலுக்கும் கிடைக்க வேண்டாவோ? மலையாளப் பள்ளியிற் படிக்கும் பேரனைத் துபாஷியாக நிறுத்திக்கொண்டு ஒரு பாட்டி தன் பெண்மை நோயை எங்ஙனம் விளம்புவாள்? பாதியை வெட்கம் விழுங்கும். மீதியைச் சிறுவனின் அறியாமை விழுங்கும். எஞ்சியதைக் கொண்டு மருந்துச் சீட்டு எழுதப்படும்.

இங்கேதான் செய்து கற்கும் கல்வியின் மேன்மை விளங்குகின்றது. 'நோயாளியின் மொழியை மதியுங்கள்' என்று நூறு முறை சொல்வதைக் காட்டிலும், ஒரு செவிலி ஒரு நாழிகை தான் நோயாளியாகக் கிடந்து, தனக்குத் தெரியாத மொழியில் நால்வர் தன் தலைக்குமேல் பேசிக்கொள்வதைக் கேட்பது மிகுதியாகப் போதிக்கும். வைத்தியராக மட்டும் நடித்துப் பழகுகின்றவன் நடிப்பைக் கற்பான். நோயாளியாகக் கிடந்து எழுந்தவனே இரக்கத்தைக் கற்பான். தன்னையே உவமையாக வைத்துப் பிறவுயிரை நோக்குக என்று தம்மபதம் வற்புறுத்துவதும் இதுவே.

இத்தகைய கல்வி வெறும் கனவன்று. கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம். ஆர். இராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி நீக்கவும் ஆதரவு காட்டவும் ஒரு சங்கம் அமைத்தனர். அதிலிருந்து கிளைத்த இயக்கம் ஊர்தோறும் தொண்டர்களைச் சேர்த்தது. 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. ஊராட்சிகளின் துணையோடு செவிலியர் நோயாளியின் வீட்டுக்கே செல்கின்றனர். தீராத நோயாளியின் திண்ணையில் அமர்ந்த செவிலிக்குப் பையிலுள்ள மருந்து சிறிது; கேட்கும் செவியே பெரிது. இவ்வகைப் பயிற்சிகளில் உரையாடலும், வேடமேற்றுப் பழகுதலும் இடம்பெறுவது இதனாலேயே.

திண்ணையில் எழும் மிகக் கடினமான வினா ஒன்று உண்டு. 'அவரிடம் புற்று என்று சொல்லிவிடாதீர்கள்' என்று குடும்பத்தார் வாயிலிலேயே கைகூப்புவர். உள்ளே கிடப்பவரோ, 'எனக்கு என்ன நோய்?' என்று கண்ணால் வினவுவார். பொய் சொன்னால் சீலம் கெடும். உண்மையை எறிந்தால் கருணை கெடும். அபயராஜகுமாரனுக்குப் பகவான் அருளிய விடை இங்கே விளக்காகும். உண்மையல்லாததை அவர் ஒருபோதும் சொல்லார். உண்மையாயினும் பயனற்றதைச் சொல்லார். உண்மையும் பயனும் உள்ளதை, அது கசப்பாயினும், காலம் அறிந்து சொல்வார். குழந்தையின் வாயிற் புகுந்த கல்லை, குருதி வந்தாலும் எடுத்தே தீர வேண்டும் என்பது அங்குக் காட்டப்படும் உவமை. எனினும் காலம் அறிதல் என்பதை எந்நூலும் மணிக்கணக்கில் வரையறுத்துத் தராது. 'உங்கள் நோயைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், ஐயா? எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?' என்று முதலில் கேட்டு, பின் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். அவ்விரண்டு நிமிட மௌனத்தைத் தாங்குவது எளிதன்று. அதற்கே பயிற்சி வேண்டும். நோயாளியின் கட்டிலருகே முதன்முறையாகத் தவறிக் கற்பதினும், தோழன் கட்டிலருகே தவறித் திருந்துவது மேல்.

ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் வைத்தியனுக்கு இதற்கெல்லாம் பொழுது ஏது என்பர். அக்குறை மெய்யானது, ஆளும் இடமும் கூட்டுவது அரசின் கடன். பயிற்சியைக் காட்டி அக்கடனைத் தட்டிக் கழித்தல் ஆகாது. ஆனால் உட்கார்ந்து பேசுவதற்கும், பெயர் சொல்லி அழைப்பதற்கும், 'பனி' என்னாமல் 'காய்ச்சல்' என்று கேட்பதற்கும் தனியே பொழுது தேவையில்லை. மற்றொன்றும் கூறுதும். பாவனை பாசாங்காக வீழ்வதும் உண்டு. செய்தபின் எண்ணிப் பார்த்தல் நின்ற இடத்தில் அது நிகழும். இராகுலனுக்குக் காட்டிய கண்ணாடியைக் கைவிட்டுப் புன்னகையை மட்டும் மனப்பாடம் செய்தவன், தேர்வில் வெல்லலாம். நோயாளியின் கண்ணை வெல்லான்.

1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய பண்டிதர் அயோத்திதாசர் ஒரு சித்த வைத்தியர் என்பதை நாம் மறத்தலாகாது. நம் சங்கத்தின் வேரிலேயே மருந்தும் அறமும் ஒருங்கே பின்னிக் கிடக்கின்றன. ஆதலால் எல்லையூர்களில் வாழும் நம் அன்பர்கள், தத்தம் ஊராட்சியின் வீட்டுத்தொண்டில் சேர்ந்து, மொழிக்கும் மொழிக்கும் இடையே துணையாக நிற்றல் தக்கது. நோய்ச் சொற்களைச் செவிலியர்க்குத் தமிழில் எடுத்துரைப்பதும், அவர்கள் பழகுதற்கு நாமே நோயாளியாய்க் கட்டிலிற் கிடப்பதும் தானமே. நா முதலில் பழகட்டும். நாள்தோறும் கண்ணாடியை நோக்கினால் உள்ளம் பின்தொடரும்.