ஏட்டுக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

உழைக்க முன்வந்தோர் நூறு பேர் எனில், அவர்களுள் வேலையற்றோர் மூவரே! எஞ்சிய தொண்ணூற்றேழு பேரும் வேலையில் இருப்போர்! 2023 ஜூலை முதல் 2024 ஜூன் முடிய ஓராண்டுக் காலம் நடைபெற்ற காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு தந்த விடை இது. இந்திய நாடு முழுமைக்கும் 3.2 விழுக்காடு, தமிழ்நாட்டுக்கு 3.5 விழுக்காடு. ஏட்டிலே படிக்கும்போது நெஞ்சு குளிர்கிறது. தெருவிலே நடக்கும்போது அந்தக் குளிர்ச்சி குறைகிறது. பட்டம் பெற்றபின் தேர்வுக்கு மேல் தேர்வு எழுதிக்கொண்டு, இடையிடையே அண்ணன் கடையில் அமர்ந்து கூலியின்றிப் பொட்டலம் கட்டும் இளைஞன். நடவு முடிந்ததும் அறுவடை வரையில் கூலிக்கு வழியற்றிருக்கும் தாய். ஆலை மூடியபின் வாரத்தில் ஒரு நாள் மூட்டை தூக்கி ஆறு நாள் வாடும் தொழிலாளி - இவர்களெல்லாம் அந்த மூவரில் சேர்த்தியா, தொண்ணூற்றேழில் சேர்த்தியா?

தொண்ணூற்றேழில்தான்!

அப்படியானால் கணக்கெடுத்தோர் பொய்யரோ? அல்லர். வெயிலில் நடந்து, வீடு வீடாகச் சென்று, கேட்டதை எழுதி வந்தவர்கள் அவர்கள். கணக்கிலே கள்ளம் இல்லை. கள்ளம் இருந்திருப்பின் அதைக் கண்டுபிடித்துக் கண்டிப்பது எளிது. இங்கே உள்ள சிக்கல் வேறு. எந்த வினாவுக்கு இந்த எண் விடையோ, அந்த வினாவை மறந்துவிட்டு விடையை மட்டும் மேடைக்கு மேடை தூக்கிச் செல்கிறோம். கூட்டலும் வகுத்தலும் கணிதம். யாரைக் கூட்டுவது, யாரைக் கழிப்பது என்று முடிவு செய்வது அறம். அந்த அறத்தைத்தான் ஆராய வேண்டும்.

வினா எது என்று பார்ப்போம். ஆண்டுக் கணக்கின்படி ஒருவர் ஆண்டின் பெரும்பகுதி வேலையற்று இருந்தாலும், இடையில் முப்பது நாள் ஏதேனும் தொழில் செய்திருப்பின், துணைத் தொழில் உடையவர் என்ற முறையில் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுவார். முந்நூற்று அறுபத்தைந்து நாளில் முப்பது நாள்! வாரக் கணக்கு என்று மற்றொன்று உண்டு. அதன்படி, ஏழு நாளில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் உழைத்தவரும் வேலையில் இருப்பவரே. இந்த அளவுகோலால் அளந்தபோது அதே ஆண்டில் நாட்டின் வேலையின்மை 3.2 அன்று, 4.9 விழுக்காடு. ஆண்டு ஒன்றுதான், மக்கள் அவர்களேதான், கோலை மாற்றியதும் அளவு ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது.

ஒரு மணி நேரம் என்ற விதிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1982-ல் ஜெனிவாவில் கூடிய தொழிலாளர் புள்ளிவிவர வல்லுநர் மாநாடு ஏற்ற முறை அது. அந்த ஒரு மணி நேர உழைப்பின் விளைவு நாட்டு வருமானக் கணக்கில் சேருகிறது. ஆகவே அதை விளைவித்தவர் உழைப்போர் கணக்கிலும் சேரவேண்டும் என்பது அவர்தம் வாதம். நாட்டு வருமானத்தை அளப்பதற்கு நல்ல வாதம். நாட்டு மக்களின் துயரத்தை அளப்பதற்கு அது போதுமா என்பதே நம் கேள்வி.

துணிக்கடை முழக்கோல் நல்ல கோல்தான். அதைக் கொண்டு காய்ச்சலை அளக்க முடியாது.

இன்னும் உள்ளே செல்வோம். எழுத்தறியாத மக்களிடையே வேலையின்மை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பள்ளி இறுதியும் அதற்கு மேலும் படித்தோரிடையே ஆறு விழுக்காட்டுக்கு மேல். அறியாமைதான் வேலை தரும் வரமோ? கல்விதான் சாபமோ? இல்லை, தோழர்களே! ஏழை வேலையற்றிருக்க வசதியற்றவன். இன்று கூலிக்குப் போகாவிடில் இன்றிரவு அடுப்பெரியாது. ஆகவே கிடைத்ததைச் செய்கிறான், கொடுத்ததை வாங்குகிறான், கணக்கில் வேலையுள்ளவன் ஆகிறான். வேலையின்மை குறைவாக இருப்பது வளத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். வறுமையின் அடையாளமாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

பெண்களின் நிலையோ இன்னும் வியப்பானது. ‘வீட்டு வேலை பார்க்கிறேன்’ என்று ஒரு பெண் விடை கூறிவிட்டால், அவள் வேலையில் இருப்பவளும் அல்லள், வேலையற்றவளும் அல்லள். உழைப்போர் அணிக்கே புறம்பானவள்! விடியுமுன் எழுந்து இரவு வரை ஓய்வறியாதவள் உழைப்போர் அணியில் இல்லையாம். அவளே தன் கணவனின் கடையிலோ வயலிலோ கூலியின்றித் துணை நின்றால், அப்போது வேலையில் இருப்பவள் ஆகிவிடுவாள். 2017-18-ல் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுள் 23.3 விழுக்காட்டினரே உழைப்போர் அணியில் இருந்தனர். 2023-24-ல் அது 41.7 ஆக உயர்ந்தது. ஓங்கிய எண்! ஆயினும், 2023-24-ல் வேலையில் இருந்த பெண்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் குடும்பத் தொழிலில் ஊதியமின்றித் துணை நின்றவர்கள். கையில் காசில்லாத வேலையைக் காட்டி, ‘உனக்குத்தான் வேலை இருக்கிறதே’ என்று அவளிடம் கூறும் துணிவு யாருக்கு உண்டு?

நாடளவில் இத்தனை மறைவு என்றால், ஊரளவில்?

காவிரிப் பாசனத்துக்கு மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பதும் ஜனவரி 28-ல் மூடுவதும் வழக்கம். அந்தத் திறப்பையும் அடைப்பையும் ஒட்டியே நாகைப் பக்கத்துக் கூலி மக்களின் வேலையும் திறக்கிறது, மூடுகிறது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின், திறந்திருக்கும் நாளிலும் வேலை சுருங்கிவிட்டது. மேற்கே திருப்பூரிலோ, பின்னலாடைத் தொழிலுக்கு ஆள் தேடி வடமாநிலங்களிலிருந்து இளைஞரை அழைத்து வருகின்றனர். இரண்டு ஊருக்கும் சேர்த்து 3.5 விழுக்காடு என்கிறது ஏடு. ஓராண்டையும் ஒரு மாநிலத்தையும் சராசரி ஆக்கும்போது, பிப்ரவரி மாதத்து நாகையின் பசி ஆகஸ்டு மாதத்து நடவிலே மறைகிறது. எஞ்சியது திருப்பூரின் தறியோசையிலே மறைகிறது.

மாதிரிக் கணக்கெடுப்பு ஊர் ஊராகப் பேசாது, பேச இயலாது. சில குடும்பங்களைக் கேட்டுப் பல குடும்பங்களை அறியும் கலை அது. 2025 ஜனவரி முதல் அது திருத்தி அமைக்கப்பட்டது. மாதந்தோறும் விடை கிடைக்கிறது. மாவட்டத்தை அடிப்படைக் கூறாக வைத்து மாதிரி தேர்ந்தெடுக்கின்றனர். கேட்கப்படும் குடும்பங்கள் ஓர் இலட்சத்துச் சொச்சத்திலிருந்து 2,72,000-க்கு மேல் உயர்ந்துள்ளன. வரவேற்கத்தக்க வளர்ச்சி. எனினும் மாவட்டத்துக்குள்ளே ஒன்றியம், ஒன்றியத்துக்குள்ளே சிற்றூர், சிற்றூருக்குள்ளே சேரி என்று இறங்கிச் சென்றால் அந்த விளக்கின் ஒளி எட்டுவதில்லை.

‘வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு இருக்கிறதே, அது ஊரளவுக் கணக்கன்றோ?’ என்பர். இருக்கிறது. 2023-ல் தமிழ்நாட்டில் அதில் பதிந்திருந்தோர் அறுபது இலட்சத்துக்கு மேல். பள்ளி இறுதித் தேர்வு முடிந்து மதிப்பெண் சான்று வழங்கும்போதே பள்ளியிலேயே மாணவர் பெயரைப் பதிய வகை செய்யப்பட்டது. என் போன்ற ஆசிரியர் அறிந்த செய்தி இது: நேற்றுப் பதிந்த பிள்ளை இன்று கல்லூரியில் படிப்பான், அரசுப் பணியை எதிர்நோக்கும் தனியார் ஊழியரும் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார். எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தாயோ அந்தப் பக்கமே போகமாட்டாள். ஒரு கணக்கு, ஒரு மணி நேரம் உழைத்தவரையும் நீக்கிவிடுகிறது. மற்றொரு கணக்கு, முழுநேரம் உழைப்பவரையும் வைத்துக்கொள்கிறது. இதிலே ஆளும் கட்சிக்கு முதலாவது இனிக்கும். எதிர்க்கட்சிக்கு இரண்டாவது இனிக்கும். வேலையற்றவனுக்கு இரண்டும் கசக்கும்!

கோலை மாற்றிக் குறையை மறைத்த கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 1982 அக்டோபரில், வேலை கேட்டுப் பதிந்தோரை எண்ணுவதை விடுத்து, உதவித்தொகை கோருவோரை மட்டும் எண்ணத் தலைப்பட்டனர். புதிதாக ஒருவருக்கும் வேலை கிடைக்காமலேயே வேலையற்றோர் தொகை இறங்கியது. உதவித்தொகைக்கு உரிமையற்ற மணமான பெண்கள் பலர் ஒரே மாதத்தில் கணக்கிலிருந்து காணாமற்போயினர். வீட்டிலிருந்து அல்ல; ஏட்டிலிருந்து!

ஓர் ஊரை உண்மையாக எண்ணிக் காட்டியவர்களும் உண்டு. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்றொரு சிற்றூர். இருந்த ஒரே நெசவாலையும் மூடப்பட்டது. மாரி யஹோதா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் தம் குழுவினருடன் 1931-32-ல் அங்குச் சென்று, 478 குடும்பங்களின் வாழ்வை ஆராய்ந்து, 1933-ல் நூலாக்கினர். வேலையற்றோர் எத்தனை பேர் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. என்ன உண்டனர் என்று குறித்தனர்; நூலகத்தில் எடுத்த நூல்கள் குறைந்ததைக் குறித்தனர்; தெருவில் நடப்போரின் வேகத்தைக்கூட அளந்தனர். போக இடமில்லாத ஆடவர் அடிக்கடி நின்று நின்று நடந்தனர். வீட்டு வேலை காத்திருந்த பெண்கள் விரைந்து நடந்தனர். வேலை போயின் கூலி மட்டுமா போகிறது? பொழுதுக்கு இருந்த பொருளும் போகிறது என்பதை அந்த நடையின் அளவு காட்டிற்று.

வேலைக்கு முக்கூறு உண்டு என்றார் அமர்த்தியா சென், 1975-ல் வெளியிட்ட நூலில். உழைப்பவனுக்கு வருவாய், உலகுக்கு விளைபொருள், ‘நானும் பயனுள்ள பணி செய்கிறேன்’ என்னும் மதிப்பு. இம்மூன்றில் ஒன்றைப் பெற்று இரண்டை இழந்தவனை எந்தப் பக்கம் எழுதுவது? இந்தச் சிக்கலை அறிந்துதான், 1970-ல் அறிக்கை தந்த தந்த்வாலா குழு, இந்திய நாட்டின் வேலையின்மையை ஒற்றை எண்ணில் கூறுவது தகாது என்று உரைத்தது. ஆண்டு, வாரம், நாள் எனப் பல கோல்கள் பிறந்தது அதன் பின்னரே. அறிஞர் பல கோல்கள் தந்தனர். நாம் நமக்கு இனித்த ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை மூலையில் சாத்திவிட்டோம்.

‘கணக்கே வேண்டாம், கண்ணால் கண்டதே போதும்’ என்று கூறுவோரும் உளர். அதுவும் மூட நம்பிக்கையே. என் கண் என் தெருவைத்தான் காணும். ‘எல்லாம் விதி’ என்று வேலையற்றவனைத் தலையிலடித்துக்கொள்ள விட்டிருந்த சமுதாயத்தில், ‘இது உன் குறையன்று, உன்னைப்போல் இத்தனை இலட்சம் பேர் உளர்’ என்று எடுத்துக்காட்டியது புள்ளிவிவரமே. தனியொருவனின் வெட்கத்தைப் பொதுமக்களின் வழக்காக மாற்றும் வல்லமை எண்ணுக்கு உண்டு. அதனால்தான் அந்த எண் பழுதுபடக் கூடாது என்கிறோம்.

எண்ணப்படாதவனுக்கு இழைக்கப்படும் அநீதி, பசியினும் நுண்ணியது. பசித்தவன் கேட்கலாம். ‘நீ பசித்தவனே அல்லன்’ என்று ஏடு கூறிவிட்டால் அவன் எதைக் கொண்டு கேட்பான்? தமிழக அரசின் வேலையற்ற இளைஞர் உதவித் திட்டத்தில் பட்டதாரிக்குத் திங்களுக்கு 600 ரூபாய். அதைப் பெறவும் பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருக்கவேண்டும். ஏட்டில் ஏறுவதற்கும் ஏறாமைக்கும் இடையே உள்ள வேறுபாடு சோறாகவும் பட்டினியாகவும் முடிகிறது.

2005-ல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் இந்த வகையில் ஒரு புதுமை செய்தது. வேலை வேண்டும் என்று ஊராட்சியில் கேட்டவர் பெயரைப் பதிவு செய். பதினைந்து நாளில் வேலை கொடு. கொடுக்கவில்லையேல் படி கொடு என்றது. எவரோ வந்து வினவும் வரை காத்திராமல், மக்கள் தாமே வாய் திறந்து தம்மை எண்ணிக்கொள்ளும் முறை அது. கேட்டதை எழுத மறுக்கும் இடத்தில் அதுவும் பொய்த்துப்போம். ஆயினும் வழி அதுவே.

ஆகவே வேண்டுவது இது. விழுக்காடு கூறும் ஒவ்வொரு முறையும் எந்தக் கோலால் அளந்தது என்றும் உடன் கூறவேண்டும். வேலையில் இருப்போர் எத்தனை பேர் என்பதோடு, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்பதையும் மாவட்டந்தோறும் மக்கள் மொழியில் வெளியிடவேண்டும். ஊரின் கணக்கை ஊரே எடுக்கவேண்டும். தமிழ்நாட்டில் மே முதல் நாளன்று, உழைப்பாளர் திருநாளிலே, கிராம சபை கூடுகிறது. வரவு செலவு படிக்கப்படும் அந்த அவையிலே, ‘இவ்வூரில் வேலை வேண்டி நிற்போர் யார் யார்? சென்ற ஆண்டில் அவர்களுக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது?’ என்ற இரண்டு வினாக்களும் எழுப்பப்படட்டும். ஆடவரும் பெண்டிரும் எழுந்து நின்று தம் பெயரைத் தாமே கூறட்டும். எழுதத் தெரிந்த இளைஞர் ஊருக்கு ஒருவரேனும் இருக்கின்றனர். ஏட்டை அவர்கள் கையில் எடுக்கட்டும்!