பக்கத்து இருக்கையில் ஓர் உயிர்

ஒருவன் தன் உயிரைத் தானே ஆபத்துக்கு உட்படுத்தலாமா என்பது அறவியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. மலையேறுபவனையும் முத்துக்குளிப்பவனையும் கயிற்றின்மேல் நடப்பவனையும் முன்வைத்து அறிஞர் பலர் இதனை ஆராய்ந்துள்ளனர். உயிர் இறைவன் தந்த கொடை. நாம் அதன் கண்காணிப்பாளரேயன்றி உரிமையாளர் அல்லர். ஆகவே தக்க காரணமின்றி அதனைப் பணயம் வைத்தல் தகாது என்பது நமது ஒழுக்க இறையியல் தரும் விடை. ஆனால் இக்கேள்விக்கு அருகிலேயே இன்னொரு கேள்வியும் நிற்கிறது. அதனை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. நமது துணிவுக்காக மற்றொருவரை ஆபத்தில் அமர்த்தலாமா? அவர் மனமுவந்து இசைந்துவிட்டால் அது போதுமா?

இக்கேள்வியைத் தெளிவாக நம்முன் நிறுத்தும் வரலாறு ஒன்று உண்டு. முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் நடைபெற்ற மோட்டார் கார் பந்தயங்களின் வரலாறே அது. பந்தயம் நம்மில் பலருக்கு அந்நியமானதாக இருக்கலாம். அதில் அடங்கியுள்ள அறச்சிக்கல் எவருக்கும் அந்நியமானதன்று.

இருவர் ஏறிய வண்டி

அக்காலப் பந்தயக் கார்கள் பெரும்பாலானவற்றில் இரண்டு இருக்கைகள் இருந்தன. ஒன்றில் ஓட்டுநர், மற்றதில் உடன் செல்லும் மெக்கானிக். கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெயையும் எரிபொருள் அழுத்தத்தையும் கைப்பம்பினால் சீராக வைத்தல், டயர் தேய்கிறதா எனக் கவனித்தல், பின்னால் நெருங்கும் கார்களைத் திரும்பிப் பார்த்து ஓட்டுநருக்குச் சைகை காட்டுதல், வழியில் பழுது நேர்ந்தால் இறங்கிச் சரிசெய்தல் ஆகியன அவருடைய பணிகள். அவர் கையில் ஸ்டியரிங் இல்லை; காலடியில் பிரேக் இல்லை; உடலைப் பிணைத்துக் காக்கும் பட்டையும் இல்லை. ஓட்டுநரின் கணிப்பு ஒரு நொடி பிசகினால் அதன் விளைவு இருவருக்கும் உரியது. வெற்றி கிட்டினாலோ, புகழ் பெரும்பாலும் ஒருவருக்கே உரியது.

1909 ஆகஸ்டு மாதம் இண்டியானாபோலிஸ் நகரில் புதிய பந்தயத்திடலில் கார்ப் பந்தயங்கள் தொடங்கின. இரண்டரை மைல் சுற்றளவு கொண்ட அத்திடலின் தளம் நொறுக்கிய கல்லும் தாரும் கொண்டு அமைக்கப்பட்டிருந்தது. கார்களின் வேகத்தைத் தாங்காமல் அது பெயர்ந்து குழிகளாயிற்று. மூன்று நாள்களில் ஐவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் ஓட்டுநர், இருவர் மெக்கானிக்குகள், இருவர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். இறந்த ஐவருள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் ஒருவரே என்பதை நாம் கவனிக்க வேண்டும். திடலின் உரிமையாளர்கள் பந்தயத்தைக் கைவிடவில்லை; தளத்தை மாற்றினர். அவ்வாண்டு முடிவதற்குள் சுமார் 32 இலட்சம் செங்கற்கள் அங்கே பதிக்கப்பட்டன.

ஒரு கண்ணாடியும் ஒரு விதியும்

1911 மே 30 அன்று அத்திடலில் முதலாவது 500 மைல் பந்தயம் நடந்தது. நாற்பது கார்கள் புறப்பட்டன. மணிக்குச் சராசரியாக 75 மைலுக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில், 6 மணி 42 நிமிடங்களில் ஓடி முடித்து வென்றவர் ரே ஹரூன். அவருடைய மார்மன் காரில் ஓர் இருக்கையே இருந்தது. பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாதவர் ஏனையோருக்கு ஆபத்தாவார் எனச் சக ஓட்டுநர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஹரூன் தம் முன்னால் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓட்டினார். அதே பந்தயத்தில் வேறொரு காரில் சென்ற சாம் டிக்சன் என்னும் மெக்கானிக் விபத்தில் தூக்கியெறியப்பட்டு இறந்தார். அவரை ஏற்றிச் சென்ற ஓட்டுநர் பிழைத்துக்கொண்டார்.

ஓர் உயிரை ஆபத்திலிருந்து விலக்குவதற்காக ஹரூனின் காரில் ஓர் இருக்கை வைக்கப்படவில்லை. எடையையும் காற்றின் தடையையும் குறைப்பதே நோக்கமாக இருந்தது. செங்கல் தளத்தின் அதிர்வில் அக்கண்ணாடியில் ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை என்று அவர் பின்னாளில் கூறியதாகவும் சொல்வர். எனவே சக ஓட்டுநர்களின் அச்சத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. அடுத்த ஆண்டு, 1912இல், மெக்கானிக் ஒருவர் கட்டாயம் உடன் செல்ல வேண்டும் என்பது விதியாயிற்று. பாதுகாப்புக்காகச் சொல்லப்பட்ட நியாயம் ஒவ்வொரு காரிலும் இரண்டாவது உயிர் ஒன்றை ஏற்றி வைத்தது.

அறத்தின் நுட்பம் இங்கேதான் உள்ளது. கண் ஒன்று தேவை என்பது உண்மை. அக்கண்ணுக்குரியவர் ஒரு மனிதர் என்பதும் உண்மை. முதல் உண்மையைப் பார்த்தவர்கள் இரண்டாவதை மறுக்கவில்லை, மறந்தார்கள். மனிதரைக் கருவியாகக் காணும் பழக்கம் பெரும்பாலும் கொடிய உள்ளத்திலிருந்து பிறப்பதில்லை. நல்ல காரணம் ஒன்று கையில் இருக்கும்போதே அது எளிதாகப் பிறக்கிறது.

அந்த 1912ஆம் ஆண்டுப் பந்தயத்தில் இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரால்ஃப் டி பால்மா 200 சுற்றுகளில் 196 சுற்றுகள் முன்னணியில் ஓடினார். முடிவதற்கு இரண்டு சுற்றுகளும் முழுமையாக எஞ்சியிராத நிலையில் அவருடைய மெர்சிடிஸ் கார் பழுதாகி நின்றது. அவர் இறங்கி அதனைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஜோ டாசன் வென்றார். அந்தத் தோல்வி டி பால்மாவுக்கு அழியாப் புகழைத் தந்தது. அன்று காரின் மறுபுறத்தில் தோள் கொடுத்துத் தள்ளியவர் மெக்கானிக் ரூப்பர்ட் ஜெஃப்கின்ஸ். அவர் பெயரை அறிந்தவர் சிலரே.

இசைவு என்பது யாது?

"அவர்கள் தாமாகவே வந்தவர்கள் அல்லவா?" என்று நாம் கேட்கலாம். ஆம், எவரும் அவர்களைக் கட்டி இழுத்து வரவில்லை. ஆனால் எடி ரிக்கன்பேக்கரின் இளமையை எண்ணிப் பார்ப்போம். 1904இல் தந்தையை இழந்து, பள்ளியை விட்டு, குடும்பத்துக்காக உழைக்கச் சென்ற சிறுவன் அவர். 1906இல் வாண்டர்பில்ட் கோப்பைக்கான தகுதிப்போட்டியில் லீ ஃப்ரேயர் என்பவருடைய காரில் மெக்கானிக்காக அமர்ந்தபோது அவருக்குப் பதினாறு வயது நிரம்பவில்லை. அச்சிறுவன் மகிழ்ச்சியோடுதான் ஏறியிருப்பான். பிழைப்புத் தேவையும், நாளை நாமும் ஓட்டுநர் ஆகலாம் என்னும் கனவும் சேர்ந்து 'சரி' என்று சொல்லும்போது, அது பொய்யான இசைவு அன்று. முழுமையான இசைவும் அன்று. இசைவு தருபவனின் பொறுப்பு அங்கே தொடங்குகிறது. இசைவு பெறுபவனின் பொறுப்போ அங்கே முடிந்துவிடுவதில்லை.

1916 ஏப்ரலில் கலிபோர்னியாவின் கொரோனா நகரத்தில், ஊரைச் சுற்றி அமைந்த வட்டச் சாலையில் பந்தயம் நடந்தது. புகழ்பெற்ற பாப் பர்மன் அங்கே விபத்தில் இறந்தார். உடன் இருந்த மெக்கானிக் எரிக் ஷ்ரோடரும், ஓரமாகக் காவல் நின்ற ஒருவரும் அவரோடு மாண்டனர். அவர்கள் மூவரின் இசைவும் ஒரே அளவினதா?

போர் கற்பித்ததும் கற்பிக்காததும்

பின்னர் அமெரிக்கா போரில் இறங்கியது. 1917, 1918 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இண்டியானாபோலிஸ் பந்தயம் நடைபெறவில்லை. திடல் இராணுவ விமானங்களைப் பழுதுபார்க்கும் இடமாயிற்று. 1914இல் அங்கே ஓட்டிய பிரெஞ்சு வீரர் ஜார்ஜ் புவாலோ, 1916இல் வான்போரில் உயிர் துறந்தார். ரிக்கன்பேக்கர் வான்போரில் 26 வெற்றிகளை ஈட்டிய தேசிய வீரராகத் திரும்பினார். வேடிக்கைக்காக உயிரைப் பணயம் வைத்தவன் என்று நேற்று பேசப்பட்டவனை, நாட்டுக்காக வைத்தவன் என்று இன்று உலகம் போற்றியது. ஆபத்தை அறமாக்குவதும் மடமையாக்குவதும் அதன் நோக்கமே என்னும் பாடத்தைப் போர் கற்பித்தது.

இரண்டாவது இருக்கையைப் பற்றி அது ஒன்றும் கற்பிக்கவில்லை. 1919 மே 31 அன்று, சுதந்திரத்தின் பெயரைத் தாங்கி 500 மைல் பந்தயம் மீண்டும் நடந்தது. ஆர்தர் தர்மன், லூயி லெகாக் ஆகிய ஓட்டுநர்களும், லெகாக்குடன் சென்ற மெக்கானிக் ராபர்ட் பாண்டினியும் இறந்தனர். 1920இல் வென்றவர் காஸ்டன் செவ்ரோலே. அதே ஆண்டு நவம்பரில் பெவர்லி ஹில்ஸ் மரப்பலகைத் திடலில் அவரும், எடி ஓடானலும், ஓடானலின் மெக்கானிக் லையல் ஜோல்ஸும் ஒரே விபத்தில் மாண்டனர்.

1923இல் கட்டாய விதி தளர்ந்தது. ஓட்டுநர்கள் தனியே செல்லத் தொடங்கினர். 1927இல் ரிக்கன்பேக்கர் அத்திடலை விலைக்கு வாங்கினார். அவர் பொறுப்பில் இருந்த காலத்தில், 1930இல், இரண்டாவது இருக்கை மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. சாதாரணக் கார்த் தொழிற்சாலைகளைப் பந்தயத்துக்கு மீண்டும் ஈர்ப்பதே புதிய விதிகளின் நோக்கம். ஒருகாலத்தில் அந்த இருக்கையில் அமர்ந்த சிறுவன்தான் இப்போது திடலின் தலைவர். ஏணியின் அடிப்படியில் நின்றவர்கூட மேலே ஏறியபின் அடிப்படியின் உயரத்தை மறக்கக்கூடும். அவ்வாண்டுப் பந்தயத்தில் சை மார்ஷல் என்பவரின் கார் விபத்துக்குள்ளாயிற்று. சை பிழைத்தார், மெக்கானிக்காக அருகில் அமர்ந்திருந்தவர் இறந்தார். இறந்தவர் பால் மார்ஷல், அவருடைய உடன்பிறந்த சகோதரர். காயீனை நோக்கி ஆண்டவர் கேட்ட கேள்வி கொலையாளிகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை இந்நிகழ்வு நமக்கு உணர்த்துகிறது. தன் சகோதரன் மீது பேரன்பு கொண்டவனும் அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவனே.

நமக்குரிய கேள்வி

வேக மோகத்தால் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்போரின் குற்றம் கடுமையானது எனக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. அது பொதுவழிகளைக் குறித்த போதனை. பந்தயத்திடலுக்கு அதனை அப்படியே பொருத்திக் கூறுவது நேர்மையாகாது. ஓட்டுநர்களைக் கண்டனம் செய்வதும் நமது நோக்கமன்று. அவர்கள் தம் மெக்கானிக்குகளை விட்டுவிட்டுப் பாதுகாப்பான இடத்தில் நின்றவர்கள் அல்லர். அதே இரும்பில், அதே நெருப்பில், பக்கத்திலேயே அமர்ந்தவர்கள். அந்தச் சமத்துவத்தில் ஒரு கண்ணியம் உண்டு.

நாமோ பல வேளைகளில் அந்தச் சமத்துவமும் இன்றியே பிறரை நமது முடிவுகளில் ஏற்றிக்கொள்கிறோம். துணிந்து பெருங்கடன் வாங்கித் தொழில் தொடங்கும் தந்தையின் பக்கத்து இருக்கையில் அவருடைய மனைவியும் மக்களும் இருக்கின்றனர். கொள்கைக்காக எதிர்ப்பை வரவழைத்துக்கொள்ளும் தலைவரின் பக்கத்தில் அவருடைய தொண்டர்கள் இருக்கின்றனர். துணிவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை; துணிவின்றி நன்மை எதுவும் நடைபெறாது. புறப்படுவதற்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்வது நன்று. இவர் உண்மையாகவே வேண்டியவரா, அல்லது வழக்கம் என்பதால் ஏற்றப்பட்டவரா? வேண்டாம் என்று சொல்ல இவருக்கு வழி இருந்ததா? வென்றால் இவருக்கும் பங்கு உண்டா?

இம்மூன்றுக்கும் விடை தேடும்போது சில பயணங்களை நாம் கைவிட நேரலாம். சிலவற்றில் வேகத்தைக் குறைக்க நேரலாம். அதனால் நாம் பின்தங்கினால், அந்த இழப்பை மனமார ஏற்பதே பக்கத்தில் இருப்பவரை நாம் மனிதராக மதிக்கிறோம் என்பதற்குச் சான்றாகும்.