முடிவில்லாத பாட்டு

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து பிளாக் ஸப்பாத் குழுவினரின் முதல் இசைத்தட்டு 1970-ல் வெளிவந்தது. ஹெவி மெட்டல் எனும் பேரிரைச்சல் இசைக்கு அதையே தொடக்கமாகப் பலரும் சொல்வர். தட்டின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடத்தில் ஓய்ந்துவிடும். திருப்பிப் போட எழுந்தாக வேண்டும். எழுந்தவர் காதில் பாங்கோசை விழ வழியிருந்தது.

இப்போதோ 'ஷஃபிள்'! சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் பாடல்களைக் கலைத்து, ஓயாமல் ஒலிக்கச் செய்கிறார்கள். அடுத்தது எதுவோ என்ற ஆவலே நஃப்ஸைக் கட்டிப்போடுகிறது. அது குருட்டாம்போக்கும் அல்ல. ஒருவர் பாட்டே அடுத்தடுத்து வருகிறதென்று கேட்பவர்கள் குறைபட்டுக்கொள்ள, அவற்றைத் தள்ளித் தள்ளி வைக்கும்படி கணக்கை மாற்றியதாக ஸ்பாட்டிஃபை நிறுவனமே 2014-ல் விளக்கியது.

இசைக்கருவிகளை இமாம்களில் பெரும்பாலோர் தடுத்தனர்; இப்னு ஹஸ்மு (ரஹ்) போன்றோர் ஆகுமென்றனர். அதை உலமாக்களிடம் விடுவோம். நமது கவலை தொழுகை பற்றியது. காலத்தின் மீது அல்லாஹ் சத்தியமிடும் 'வல்அஸ்ரி' ஸூராவை மனனம் செய்த பிள்ளைதான், காதை அடைத்துக்கொண்டு அஸரைக் களாவாக்குகிறான். தாய்மார்களே, தூரத்திலிருந்து சத்தம் போட்டால் அவனுக்குக் கேட்காது. அருகே சென்று தோளைத் தொடுங்கள்; முஸல்லாவை விரித்து வையுங்கள்.